மலைக்குடும்பமும் ஊனமுற்ற குழந்தையும்: சித்தேரியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றித் திருச்சபையில் பேச்செழும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது ஓர் இல்லம், அல்லது ஒரு சிறப்புப் பள்ளி. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிகளைத் தொடங்கியபோது, அத்தகைய குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வேறு இடம் ஏறக்குறைய இல்லை. அப்பணியின் அருமையை எவரும் குறைத்துரைக்க இயலாது. ஆயினும் அம்மரபு நம் சிந்தையில் ஒரு சாய்வையும் விட்டுச் சென்றுள்ளது. குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து நல்லதோர் இடத்தில் சேர்ப்பதே தொண்டு என்று எண்ணப் பழகிவிட்டோம். அக்குழந்தையை இரவும் பகலும் சுமக்கும் குடும்பத்திற்கு யார் துணை என்னும் வினா பின்தள்ளப்பட்டுவிடுகிறது. அவ்வினாவைத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வைத்து நோக்குவது பயனுடையது.

சித்தேரி அரூருக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதி. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரில் ஒற்றுமை இருப்பினும் கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டுநிலம். ஒன்றுக்கொன்று எட்டியிருக்கும் சிற்றூர்கள். நிலம் போதாத காலத்தில் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் பெற்றோர். பெற்றோர் சென்றபின் குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் விடப்படுகின்றனர். நடக்க இயலாத குழந்தை இருக்கும் வீட்டில் ஒருவர் கூலிக்குச் செல்லாமல் நின்றாக வேண்டும். அவர் பெரும்பாலும் தாய். சில வேளைகளில் பள்ளியை விட்டு நின்றுவிடும் மூத்த பெண்குழந்தை. ஊனத்தின் செலவைக் கணக்கிடுவோர் மருந்துச் செலவை எழுதுகின்றனர். இழந்த கூலியையும், நின்றுபோன அந்தப் பெண்ணின் படிப்பையும் யாரும் எழுதுவதில்லை.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. ஊனமுற்றோர் என்ற சொல்லுக்கு மாற்றாக 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை ஏற்றது. (நல்ல சொல்தான், சொல் மாறிய அளவுக்குச் சாலை மாறவில்லை என்பது வேறு செய்தி.) 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க வேண்டும். குறை கண்ட குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்குச் சிறப்பாசிரியர் வீட்டிற்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு கல்வித்துறையில் உண்டு. அறிவுசார் குறைபாடும் கடும் ஊனமும் உடையோருக்கு மாநில அரசு மாதந்தோறும் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுவாயிலுக்குக் கொண்டுவர முயல்கிறது.

இவ்வளவும் இருக்க, இடர்ப்பாடு எங்கே? தொலைவில். சித்தேரியிலிருந்து அரூருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலைவழி. அரூரிலிருந்து தருமபுரிக்கு மேலும் 40. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு வேண்டியது ஒரே ஒரு பரிசோதனை அன்று. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், விடாத பயிற்சி. நிமிரக் கழுத்து நில்லாத ஐந்து வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தி இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய், மூன்றாம் முறை செல்லாவிடில் அவளை அலட்சியக்காரி என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. ஒரு நாள் பயணத்தில் ஒரு நாள் கூலி போகிறது என்பதைப் பதிவேடு அறியாது.

தொலைவைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. இம்மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் அவ்வூரில் புகுந்து இழைத்த கொடுமைகளுக்காக, உயிரோடிருந்த 215 பேர் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இந்த நினைவைச் சுமக்கும் மலைமக்கள் சீருடையையும் கோப்பையும் கண்டு தயங்கினால், அத்தயக்கத்தை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சேவை என்பது அங்கு முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வேலை.

இதற்கு முன்மாதிரி மலைக்கு அப்பாலேயே இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993ஆம் ஆண்டு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். கட்டடத்தைவிட அவர்கள் ஆள்களை நம்பினர். அப்பகுதிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து நலப்பணியாளர் ஆக்கினர். இது நம் பொருளோடு நேரே தொடர்புடையது. பிறப்பின்போது மூச்சுத் திணறலும், கவனிக்கப்படாத கடும் மஞ்சட்காமாலையும் மூளைப் பாதிப்புக்கு வழிவகுக்கும். எனவே பேறுகாலத்தைப் பாதுகாப்பது ஊனத்தைக் குறைக்கும் பணியுமாகும். நோயாளியின் பேச்சு வழக்கை அறிந்த ஒருத்தி அருகில் இருப்பதன் மதிப்பு வேறெந்தக் கருவிக்கும் இல்லை.

தென்கோடியில், ஆய்க்குடியில், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம் இதே நெறியை ஊனமுற்றோர் பணியில் விரித்துள்ளது. தாமே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். அச்சங்கத்தின் ஊர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி அளிக்கின்றனர். வல்லுநர்கள் கைப்பேசிச் செயலி வழியாக அப்பணியாளர்களை மேற்பார்வையிடுகின்றனர். வல்லுநர் ஏறமுடியாத மலைக்கு இத்தகைய ஏற்பாடே பொருந்தும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கிய காலம் முதலே நோயாளியோடு குடும்பத்தினரையும் தங்கச் செய்தது. அங்கு அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் குழுவாக அமர்ந்து பத்து வாரம் கலந்துரையாடிக் கற்றபோது குழந்தை வளர்ப்பில் அவர்களுடைய மனப்பான்மை கணிசமாக மேம்பட்டது எனக் காட்டியது. பெற்றோருக்குப் பெற்றோரே துணை என்பது இதனால் விளங்கும்.

இனி இறையியல் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பினால் துன்புறும் மகனைக் கொண்டுவந்த தகப்பனிடம் ஆண்டவர், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என வினவுகிறார். நாமோ அப்பகுதியில் சீடரின் அவிசுவாசத்தையும் தகப்பனின் விசுவாசத்தையும் பிரசங்கித்துவிட்டு, இந்த வினாவைத் தாண்டிச் செல்கிறோம். குணமாக்குவதற்கு முன் தகப்பனின் ஆண்டுகளைக் கேட்டறிய அவர் நின்றார். நெருப்பிலும் தண்ணீரிலும் விழும் பிள்ளையைக் காத்த கதையைத் தகப்பன் சொல்ல முடிந்தது. விடுதலையை அவன் வேண்டியபோது தன்னையும் சேர்த்தே வேண்டினான். குடும்பம் முழுவதும் நோயுற்றிருந்தது என்பதை அவன் அறிந்திருந்தான். யோவான் 9இல் சீடர் எழுப்பிய பாவம் பற்றிய கேள்வியை இன்றும் நம் சபைகள் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஆளாகிறவள் தாய். குணமாகாத குழந்தையின் தாயிடம் விசுவாசக் குறைவைச் சுட்டும் ஜெபக்கூட்டம் அவளுக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று.

சட்டமும் இவ்விடத்தில் நம்மைவிட ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 9ஆம் பிரிவில், ஊனத்தைக் காரணங்காட்டி எக்குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என விதிக்கிறது. குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி. பெற்றோரால் இயலாதபோது முதலில் நெருங்கிய உறவினர், பின்னர் ஊரிலேயே ஒரு குடும்பச் சூழல், விதிவிலக்காகவே இல்லம். இல்லங்களை நடத்தும் சபைகள் இப்பிரிவைத் தம் நிர்வாகக் குழுக்களில் ஒருமுறை வாசிப்பது நன்று.

மலையடிவாரத்துச் சேகரங்களில் பணியாற்றும் ஆயர் செய்யத்தக்கவை எளியவையே. ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இன்றி மேற்கூறிய உதவிகளில் பல கிட்டா. மருத்துவ முகாம் நடைபெறும் நாளை முன்கூட்டியே அறிந்து வண்டி ஒன்றை ஏற்பாடு செய்வது ஒரு குடும்பத்திற்கு மூன்று பயணங்களை மிச்சப்படுத்தும். உதவி வேண்டுவோரின் சமயத்தை வினவுதல் ஆயருக்கு அழகன்று. பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டு ஆராதனைக்கு அழைப்பதும் அவ்வாறே. மாதம் ஒரு நாள் தாய்மார் கூடிப் பேச ஆலயத்தின் தாழ்வாரம் போதும். அந்நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வாலிபர் சங்கத்தினர் நால்வர் வேண்டும்.

பெற்றோர் வெளியில் சொல்லாத அச்சம் வேறு: தமக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்? 18 வயது நிரம்பியபின் பெற்றோர்கூடச் சட்டப்படி இயல்பான பாதுகாவலர் அல்லர். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் புறவுலகச் சிந்தனையற்றோர், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உடையோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் ஒப்படைத்துள்ளது. சிறிதளவு மலைநிலமே சொத்தாகவுள்ள குடும்பத்தில், தகப்பன் மறைந்தபின் அப்பிள்ளையின் பங்கு பேச்சுமூச்சின்றிப் பிறர் கைக்குப் போகாதிருக்க இந்நியமனம் பயன்படும். விண்ணப்பத்தில் யார் பெயரை எழுதுவது என்று சகோதரர்களும் அத்தை மாமன்மாரும் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும்போதே ஆயர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்பேச்சைத் தொடங்கி வைக்கலாம்.