பன்றிக் கொழுப்பு: கழிவா, மருந்தா, உணவா?

மண்சரிவில் வீட்டையும் காணியையும் இழந்து, உறவினரின் லயக் காம்பராவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ காலம் கழிக்கும் குடும்பங்களில் எண்ணெய்க்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். உதவிப் பொதிகளில் அரிசி, மா, பருப்பு, சீனி ஓரளவு கிடைத்துவிடும். தேங்காய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் கையிலிருக்கும் காசை எண்ண வேண்டியிருக்கும். பன்றி இறைச்சி விற்கும் கடைகளிலோ கொழுப்பை வெட்டி ஒதுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் இறைச்சியைவிடக் குறைந்த விலைக்குத் தருவார்கள்.

எமது தோட்டப்புறங்களில் இக்கொழுப்பை அருவருப்பவர்கள் பலர். மத நம்பிக்கையினால் பன்றியைத் தவிர்ப்போரை நாம் மதிக்கின்றோம். ஆனால் பன்றி வளர்ப்பவரைத் தாழ்த்திப் பேசும் பழைய சாதிப் புத்தியிலிருந்து வரும் அருவருப்புக்கு மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. வேறு சிலர் இதை மூலத்துக்கும் இளைப்புக்கும் கண்கண்ட மருந்து என்கின்றனர். கொழும்பில் வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகளோ "கொலஸ்ட்ரோல்" என்று பயமுறுத்துகின்றனர்.

முதலில் உணவாக இதன் பெறுமதியைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதிகளில் அது நூற்றுக்கு 32 ஆக இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, எமது பிள்ளைகளின் தட்டில் மாவும் சோறும் நிறைந்திருக்க, கொழுப்பும் புரதமும் குறைந்திருப்பது. சிறு பிள்ளையின் வயிறு சின்னது. ரொட்டியும் தேநீரும் அதை நிரப்பிவிடும், ஆனால் வளர்ச்சிக்குப் போதிய சக்தியைத் தராது. ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி சக்தி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உண்டு. உருக்கிய பன்றிக் கொழுப்பு ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 45 கலோரி கிடைக்கும். ஆறு மாதம் கடந்த குழந்தையின் மசித்த சோற்றிலும் பருப்பிலும் அரைத் தேக்கரண்டி கலந்தால், உணவின் அளவு கூடாமலே சக்தி கூடும்.

இன்னொன்றும் உண்டு. நுவரெலியாக் கரட்டிலும் கீரைகளிலும் உள்ள கரோட்டின் என்ற பொருளை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும் நோயெதிர்ப்புக்கும் அது வேண்டும். ஆனால் கொழுப்பு இல்லாவிட்டால் கரோட்டினை உடல் நன்றாக உறிஞ்சாது. வெறும் தண்ணீரில் அவித்த கீரையில் பாதிப் பயன் வீண் என்றே சொல்லலாம். தேங்காய்ப்பால் விட முடியாத நாளில் ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பில் வெங்காயம் தாளித்துக் கீரையைப் பிரட்டினால் அந்தக் குறை தீரும்.

கொலஸ்ட்ரோல் விடயம் என்ன? 100 கிராம் பன்றிக் கொழுப்பில் சுமார் 39 கிராம் நிரம்பிய கொழுப்பு, அதாவது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்தும் வகை. சுமார் 45 கிராம், ஒலிவ் எண்ணெயில் மிகுதியாக உள்ள வகையைச் சேர்ந்தது. தேங்காயெண்ணெயிலோ நிரம்பிய கொழுப்பு 80 கிராமுக்கும் மேல். எனவே தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு பன்றிக் கொழுப்பை மட்டும் விஷம் என்பது பொருந்தாது. அதற்காக இரண்டையும் சேர்த்து ஊற்றலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நிரம்பிய கொழுப்பு 22 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு மேசைக்கரண்டி பன்றிக் கொழுப்பிலேயே அதில் 5 கிராம் போய்விடும். எண்ணெய்க்குப் பதிலாக இதைப் பாவியுங்கள், எண்ணெயோடு கூட்டாதீர்கள். இருதய நோய், பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக்கில் சொன்ன உணவு முறையையே பின்பற்ற வேண்டும். மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கும் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

மருந்து என்ற கதைக்கு வருவோம். பன்றிக் கொழுப்பு மூலத்தைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. மூலத்துக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் வேண்டும், இரத்தம் போனால் வைத்தியரிடம் போக வேண்டும். இளைப்புக்கும் இது மருந்தல்ல. பித்தவெடிப்புக்குத் தடவினால் தோல் மெதுவாகும், அவ்வளவே. தீக்காயத்தில் மட்டும் எந்தக் கொழுப்பையும் பூசாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் கண்டறியப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றாது, ஆனால் பன்றிகளைப் பட்டியோடு அழித்துவிடும். நோய்ப்பட்ட பன்றியை அவசரமாக வெட்டி லயத்துக்கு லயம் பாதி விலைக்கு விற்க வருவோரிடம் வாங்காதீர்கள். அது என்ன நோயால் விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அனுமதி பெற்ற கடையிலேயே வாங்குங்கள். பச்சை இறைச்சித் துண்டுகளையும் கழுவிய தண்ணீரையும் பன்றிக்கு வைப்பதாலும் நோய்க்கிருமி பட்டிக்குள் நுழையலாம். ஹோட்டல் மிச்சத்தைத் தீவனமாக்குவோர் அதை 30 நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும்.

இனி உருக்கும் முறை. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பே வெள்ளையானது, வாடை குறைந்தது. அடுத்தது முதுகுக் கொழுப்பு. குடலோடு ஒட்டியது வாடை வீசும். ஒரு கிலோவைக் கழுவி, விரல் நகமளவு துண்டுகளாக வெட்டி, தடித்த சட்டியில் அரைக் கோப்பைத் தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் விடாவிட்டால் கொழுப்பு உருகுமுன் அடிப்பிடிக்கும். இடையிடையே கிளறிவர, ஒரு மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். படபடவென்ற சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். துண்டுகள் இளம் பொன்னிறமானதும் இறக்கிவிட வேண்டும். கறுக்க விட்டால் முழுப் போத்தலும் கருகல் மணம் பிடிக்கும். சிறிது ஆறியபின் வெள்ளைத் துணியில் வடித்து, ஈரமேயில்லாத ஹோர்லிக்ஸ் போத்தலில் ஊற்றுங்கள். ஒரு சொட்டு ஈரமும் கெடுக்கும். நுவரெலியாக் குளிரில் வெண்ணெய்போல் உறைந்து, வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் சில வாரங்களுக்கு நன்றாயிருக்கும். கீழ்நாட்டுக்குக் குடிபெயர்வோர் சிறிது சிறிதாகவே உருக்கிக்கொள்வது நல்லது. காறல் வாடை வந்ததைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

பன்றிக் கறிக்கு வேறெண்ணெய் தேவையில்லை. கொழுப்புள்ள துண்டுகளை முதலில் சட்டியிலிட்டு, அவற்றின் கொழுப்பிலேயே இஞ்சி, உள்ளி, வெங்காயத்தை வதக்கி, வறுத்தரைத்த தூள், மிளகு, கொறுக்காய்ப்புளி சேர்த்துத் தேங்காய்ப்பாலின்றி வற்ற விடுவது எமது நாட்டு முறை. கொறுக்காயின் புளிப்பு கொழுப்பின் திகட்டலை வெட்டும், கறியும் மறுநாள்வரை தாங்கும். கர்நாடகத்தின் குடகு மக்களும் இதே இனப் புளியைக் காய்ச்சியெடுத்த கறுப்புச் சாற்றைத்தான் தங்கள் பன்றிக் கறிக்கு விடுகின்றனர்.

உருக்கியபின் மிஞ்சும் மொறுமொறுப்பான துண்டுகளை எறியாதீர்கள். வியாபாரி கழித்துவிடும் லீக்ஸ் இலையைக் கழுவி அரிந்து, அத்துண்டுகளோடும் செத்தல் மிளகாயோடும் வதக்கினால் ரொட்டிக்கு வேறு கறி வேண்டாம். பொதுச் சமையலறையில் சமைப்போர் இதற்கென ஒரு சட்டியையும் கரண்டியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அடுப்பில் பன்றி உண்ணாத குடும்பம் இருக்கக்கூடும்.