பழைய ஹார்டு டிஸ்க் மலிவுதானா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். தள்ளப்பட்ட கம்ப்யூட்டர்களின் உறுப்புக்களெல்லாம் அங்கே மறு ஜன்மம் எடுத்திருப்பதைக் காணலாம். ஐந்நூறு ஜிகாபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, "புதுசு மாதிரி, ஸார்!" என்று கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை எழாது? வாங்கலாமா, கூடாதா என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

ஹார்டு டிஸ்க், புஸ்தகத்தைப்போல் சும்மா கிடக்கும் வஸ்து அன்று. உள்ளே தட்டுக்கள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், தட்டைத் தொடாமலே, படிக்கும் முனை மிதக்கிறது. இத்தனை நுட்பமான யந்திரம் தேயாமல் இருக்குமா?

அது உழைத்த கணக்கை 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தானே எழுதி வைத்திருக்கிறது. இலவசமாய்க் கிடைக்கும் ப்ரோகிராம் ஒன்றைக் கொண்டு கடையிலேயே அதைப் படிக்கலாம். 40,000 மணி என்றிருந்தால், நாலரை வருஷம் ஓயாமல் ஓடியது என்று பொருள். அதைவிட முக்கியமானது, பழுதென்று ஒதுக்கி மாற்றிடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. அது பூஜ்யமாயில்லாவிட்டால் பேரமே பேச வேண்டாம்.

இந்தக் கணக்கையும் துடைத்துவிடும் சமர்த்தர்கள் உண்டு. பல்லாயிரம் மணி ஓடிய ஸீகேட் டிஸ்க்குகள், கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாகவே விற்கப்பட்ட சேதி 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமாயிற்று. பழையதைப் பழையது என்றே சொல்லி விற்கும் நம் கடைக்காரர் எவ்வளவோ யோக்கியர்!

பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய பழைய டிஸ்க்குகள் ஐந்தை வாங்குவது லாபம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மேஜைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் ஒவ்வொன்றும் சுமார் 7 வாட் மின்சாரம் கொள்ளும். ஐந்தையும் இரவு பகலாய் ஓட விட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் ஆகிறது. மலிவு எங்கே போயிற்று?

குழந்தையின் முதல் படமும், காலஞ்சென்ற பாட்டியின் குரலும் வேறெங்கும் பிரதியின்றிப் பழைய டிஸ்க்கில் மட்டும் இருப்பது கூடவே கூடாது. அது நின்றுபோனால், உள்ளிருப்பதை மீட்கக் கேட்கும் கூலி புது டிஸ்க்கின் விலையைப்போல் பல மடங்கு. மீளும் என்ற உறுதியும் இல்லை. முதற் பிரதி வேறிடத்தில் பத்திரமாயிருக்க, இரண்டாவது, மூன்றாவது பிரதிக்கென்று வாங்கி, எழுதி முடித்ததும் கழற்றி வைப்பதானால் தாராளமாய் வாங்கலாம். மற்றொன்று: 2003-க்குப் பின் பரவிய 'ஸாட்டா' இணைப்பை அறியாத பழங்காலக் கம்ப்யூட்டர் யாரிடமேனும் இருந்தால், அதற்கேற்ற ஐ.டி.இ. டிஸ்க்கைத் தேட ரிச்சி தெருவைப் போன்ற இடந்தான் கதி. அங்கே விலை சற்று அதிகம் சொன்னாலும் கொடுத்துவிடலாம்.