மானியமும் கணக்கும்

ஊரார் தரும் நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தால் போதும். அரசு மானியத்திற்கு அது போதாது. முதியோர் இல்லங்களையும் மாணவர் விடுதிகளையும் நடத்தும் சங்கங்களில் பொறுப்பேற்றிருக்கும் அன்பர்கள் இவ்வேறுபாட்டை முதலில் உணர வேண்டும்.

மத்திய அரசு வழங்கும் மானியங்கள் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்கு உட்பட்டவை. ஒரே பணிக்கு வேறு துறையிடமும் மானியம் கோரவில்லையென விண்ணப்பிக்கும்போதே உறுதிகூற வேண்டும். வந்த பணத்தை ஒப்பளிக்கப்பட்ட இனத்திற்கே செலவிட வேண்டும். கட்டில் வாங்க வந்த பணத்தில் கூரையைச் செப்பனிட்டால், எண்ணம் எத்துணை நல்லதாயினும், தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.

பலர் இடறுவது பயன்பாட்டுச் சான்றிதழில்தான். கட்டடம், தளவாடம் போன்ற ஒருமுறைச் செலவு மானியங்களுக்கு, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் இதனை அளிக்க வேண்டும். செலவாகாத தொகை மட்டுமன்று, அது வங்கியில் ஈட்டிய வட்டியும் அரசுக்கே உரியது. இவற்றையெல்லாம் எழுத்தர் தலையில் சுமத்திவிட்டுச் செயற்குழு வாளாவிருப்பது முறையன்று. சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும். அப்போது கஞ்சிக்கு ஏங்குவோர் விடுதிப் பிள்ளைகளே!

மானியத்தில் வாங்கிய பொருள்களுக்குத் தனிப் பதிவேடு தேவை. முழுவதுமோ பெரும்பகுதியோ மானியத்தால் வாங்கியவற்றை, ஒரு தையல் எந்திரமாயினும், ஒப்பளித்த துறையின் முன்அனுமதியின்றி விற்கலாகாது. மத்திய கணக்குத் தணிக்கைத் துறையினரும் ஏடுகளைப் பார்வையிட உரிமையுடையவர்கள். ஆதலின் பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்துப் பூட்டிவைக்க ஓர் அலமாரியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.