டிக் அடிச்சது போதும் பாஸ்!

ஹாஸ்டல் ரூம் கதவுக்குப் பின்னாடி 'கட்டாயம் பார்க்க வேண்டிய 100 உலகப் படங்கள்'னு லிஸ்ட் ஒட்டியிருக்கீங்களா? நானும் ஒட்டியிருந்தேன். செகண்ட் இயர்ல மூணே மாசத்துல 41 டிக்! பாதிப் படத்தை ஃபாஸ்ட் ஃபார்வர்டுலதான் ஓட்டினேன்ங்கிறது ரூம்மேட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் ஒருநாள் கேட்டான், "ரஷோமான்ல கடைசியில என்னடா ஆச்சு?" டிக் இருக்கு. படம் ஞாபகம் இல்லை.

டார்கெட் வைக்கிறது தப்பில்லை. எண்ணிக்கையை டார்கெட்டா வச்சதுதான் சொதப்பல். லிஸ்ட்டைக் கிழிங்க. செமஸ்டருக்கு ஒரே ஒரு டைரக்டர். அவர் எடுத்த வரிசையிலேயே, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு படம். ஒருத்தர் தொழில் கத்துக்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கும்.

நான் பிடிச்சது சத்யஜித் ராயை. விளம்பரக் கம்பெனி ஓவியர். 1950-ல் லண்டன் போனப்ப 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்துட்டு, இப்படித்தான் படம் எடுக்கணும்னு முடிவு பண்ணினவர். 1952-ல் 'பதேர் பாஞ்சாலி' ஷூட்டிங். கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு வயசு இருபதுகளோட ஆரம்பம்தான். அதுவரை சினிமா கேமராவை இயக்கினதே இல்லை! வெள்ளைவெளேர்னு நாணல் பூத்த வெளியில அப்புவும் துர்காவும் ரயில் பார்க்கப் போற காட்சி. பாதி எடுத்துட்டு அடுத்த வாரம் போனா, பூவைக் காணோம். மாடுங்க மேய்ஞ்சுடுச்சு. மறுபடி பூக்கிற வரைக்கும் காத்திருந்துதான் மீதியை எடுத்தார். இன்ஷூரன்ஸ் பாலிசி போச்சு, மனைவி நகை அடகுக்குப் போச்சு. கடைசியில மேற்கு வங்க அரசு பணம் கொடுக்க, 1955-ல் படம் வந்தது. இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்தக் காட்சியை ஃபார்வர்டு பண்ண எனக்குக் கை வரலை.

அடுத்த வாரம் 'அபராஜிதோ' (1956). படிக்கிறதுக்காக கல்கத்தா போற அப்பு, பரீட்சையைக் காரணம் சொல்லி லீவுக்கு ஊருக்கு வராம இருக்கான். உடம்பு சரியில்லாத அம்மா, ரயில் சத்தம் கேட்கிறப்பல்லாம் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. அவ்வளவுதான் சொல்வேன், மீதியை நீங்களே பாருங்க. படம் முடிஞ்சப்ப ராத்திரி மணி பதினொண்ணு. வீட்டுக்கு போன் போட்டேன். "என்னடா, காசு வேணுமா?"ன்னாங்க அம்மா.

ஒரு விஷயம். மங்கலான பிரதியில பார்க்காதீங்க. இந்தப் படங்களோட நெகட்டிவ் 1993-ல் லண்டன் தீ விபத்துல கருகிப்போய், மீட்டுச் சரிசெஞ்ச பிரதி 2015-ல் வந்திருக்கு. அதைத் தேடிப் பிடிங்க.

எனக்கு அடுத்த செமஸ்டர் அகிரா குரோசாவா. மொத்தம் 30 படம். நிச்சயம் அரியர் விழும். ஆனா, ரஷோமானை இந்தத் தடவை ரூம்மேட்டையும் உட்கார வச்சுத்தான் பார்க்கப்போறேன்.