தீவகத்து வீதிகளும் வண்டிச் சில்லுகளும்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியின் ரயரைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நம் பழைய மாணவருட் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். பண்ணைத் தாம்போதியையும் வாணர் பாலத்தையும் நாள்தோறும் கடந்து பாடஞ் சொல்லப் போய்வரும் ஆசிரியனுக்குத் தொல்காப்பியத்தைப் போலவே, தன்னைச் சுமந்து செல்லும் நான்கு சில்லுகளும் ஆராயத்தக்க பொருளே. இருமருங்கும் கடல், நடுவே ஒடுங்கிய வீதி, எதிரே பஸ்வண்டி. அவ்விடத்தில் முன்சில்லு ஒன்று வெடிக்குமாயின் ஒதுங்குவதற்கு நிலமில்லை. ஆதலின், எவ்வகை ரயரை வாங்குவது, வாங்கிய ரயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் என் செய்வது என்னும் இரு வினாக்களையும் தீவகத்தார் பணக்கணக்காக மட்டும் கருதுதல் தகாது.

ரயர் என்னுஞ் சொல்லுக்கு உருளிப்பட்டை எனத் தமிழாக்கஞ் செய்தோர் உளர். தூய சொற்களில் யானும் நாட்டமுடையேன். ஆயினும் ஒட்டுப்போடும் கடையில் உருளிப்பட்டை கேட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஆகவே ஈண்டு ரயர் என்றே எழுதுகின்றேன்.

நம் நாட்டுக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு பழையது. றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் அஃது உறுதிபெறும் என்பதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டில் றப்பர் நாற்றுகள் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராயிருந்த டன்லப் தம் மகனின் முச்சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த ரயரை அமைத்தார். 1952ஆம் ஆண்டிற் சீனத்தோடு றப்பருக்கு அரிசி என ஒப்பந்தஞ் செய்த நாடு இது. 1960களிற் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலையும் எழுந்தது. இத்துணை இருந்தும், ரயரின் இயல்பை அறிந்து அதனை வாங்குவோர் நம்மிடையே மிகச் சிலரே.

இதற்குக் காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருள் தடையிலிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை எம் தலைமுறையினர் மறவார். கம்பி வெளித்தெரிந்த ரயரையும் கழற்ற மனமின்றி ஓட்டிய காலம் அது. பின்னர் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதுவண்டிகள் வாராதிருந்தபோது, பழைய வண்டிகளையே பேணிக்கொள்ள வேண்டியதாயிற்று. “ஓடுமட்டும் ஓடட்டும்” என்னும் மனப்பான்மை வறுமையிற் பிறந்து வழக்கமாய் நிலைத்துவிட்டது.

இனி, நெடுநாள் உழைக்கும் ரயரைத் தெரிந்தெடுக்கும் வகையைப் பார்ப்போம். றப்பர் கடினமாயிருப்பின் மெல்லத் தேயும். ஆனால் ஈரவீதியிற் பிடிப்புக் குறையும். மென்மையாயிருப்பின் நன்கு பற்றிக்கொள்ளும். விரைவிற் தேய்ந்து போகும். விரைந்தோடும் வண்டிகளுக்கென விலையுயர்ந்த ரயர்கள் பின்னைய வகையைச் சார்ந்தவை. 1992ஆம் ஆண்டளவில் மிசெலின் நிறுவனத்தார் கரித்தூளுக்குப் பதிலாகப் பெரும்பங்கு சிலிக்காவைக் கலந்து இம்முரண்பாட்டை ஓரளவு தணித்தனர். எனினும் அது முற்றாக நீங்கிவிடவில்லை. பல ரயர்களின் பக்கச்சுவரில், அமெரிக்க முறைப்படி, தேய்மான எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 100 என்பது அடிப்படை. 400 எனின், குறித்த சோதனை வீதியில் அதனினும் நான்கு மடங்கு தாங்கும் என்பது பொருள். அவ்வெண்ணை இடுபவர் ரயரைச் செய்த நிறுவனத்தாரே. ஆதலால் ஒரே நிறுவனத்தின் இரு ரயர்களை ஒப்பிட அது பயன்படும். இரு நிறுவனங்களை ஒப்பிட அதனை முழுதும் நம்பலாகாது. அதனருகே ஈரவீதிப் பிடிப்பைக் காட்டும் எழுத்தும் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மாரியில் தாம்போதியைக் கடக்க வேண்டியவர் அவ்வெழுத்தையே முதலிற் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் தீவகத்தில் இவையெல்லாவற்றினும் மேலான எண் வேறொன்று உண்டு. அஃது ரயர் பிறந்த திகதி. பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்க. நம் வண்டிகள் பல ஆண்டு முழுவதும் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை. எனவே மேற்றட்டுத் தேய்வதற்கு முன்னரே றப்பர் மூப்படைந்துவிடுகின்றது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெடிக்கச் செய்கின்றன. இதனைத் தடுக்க றப்பரோடு ஒருவகை மெழுகு கலப்பர். ரயர் ஓடி வளைந்து நெகிழும்போதே அம்மெழுகு மேலே கசிந்து காக்கும். ஓடாது நிற்கும் வண்டியில் அக்காப்புக் குன்றும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் அன்பர் பலர் ஊரில் ஒரு வான்வண்டியை முற்றத்தில் நிறுத்திவைத்து, நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வரும்போது மாத்திரம் எடுக்கின்றனர். வரிகள் ஆழமாய்ப் புதியனபோலத் தோன்றும். திகதியைப் பார்த்தால் ஒன்பது ஆண்டு கடந்திருக்கும். கோடை வெம்மையில் உறவினர் பன்னிருவரை ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்கு ஓடுவது அந்த ரயரிலேதான். ஆறு ஆண்டின் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டாயின் எத்துணைப் புதிதாய்த் தோன்றினும் கழற்றிவிடுவதும் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உப்பங்காற்றும் வெயிலும் உடைய நம் பகுதியில் ஆறினையே எல்லையாகக் கொள்ளுதல் நன்று. கடையில் “புதுச்சாமான்” என்று காட்டப்படும் ரயரும் களஞ்சியத்தில் மூன்றாண்டு கிடந்ததாயிருக்கலாம். திகதி பார்த்த பின்னரே விலை பேசவேண்டும்.

சுமைக்கும் ஓர் எண் உண்டு. 82 என்பது ஒரு ரயர் 475 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். நான்கையுங் கூட்டினால் 1900 கிலோ. இதில் வண்டியின் சொந்தப் பாரமும் அடங்கும். அளவுக்கு மிஞ்சிய சுமையைப் பற்றிப் பேச வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வண்டியின் அச்சையே உவமையாக எடுத்தார். திருவிழாக் காலத்து வான்வண்டிகளைக் காணுந்தோறும் அவ்வதிகாரம் நினைவுக்கு வருகின்றது.

ஒருபக்கத் தேய்வுக்கு வருவோம். ரயர் தானே கோணலாய்த் தேய்வதில்லை, தேய்க்கப்படுகின்றது. தேய்ந்த இடமே காரணத்தை எழுதிக் காட்டும். அவ்வெழுத்தை வாசியாமல் புதிய ரயரைப் பூட்டுவது, ஒழுகும் கூரையைப் பாராது தரையைத் துடைப்பது போலாகும்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுத் தேய்ந்து ஓரங்கள் நின்றால் காற்று மிகை. முன்னையதே நம் பகுதியில் மலிந்த நோய். சாட்டிக் கடற்கரை மணலில் வண்டியை இறக்குவோர் சில்லுப் புதையாதிருக்கக் காற்றைச் சற்றே இறக்குவர், அது முறையே. தார்வீதிக்கு மீண்டபின் அதனை ஏற்ற மறந்து அப்படியே வேலணை வரை விரைவதுதான் முறைகேடு. குறைந்த காற்றிற் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். வெடிப்புக்கு அச்சூடே பெருங்காரணம். இக்காலத்து ரயர்களின் அடிப்புறம் காற்றுச் சரியாயிருக்கும்போதும் சற்றே பிதுங்கித் தோன்றுமாதலின், காலால் உதைத்துப் பார்த்துக் காற்றை மதிப்பிடும் பழைய பழக்கம் இனி உதவாது. அமுக்கமானி ஒன்று வாங்கி, காலையில் வண்டி ஓடுமுன் அளக்கவேண்டும். குறையற்ற ரயரிலும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் காற்றுத் தானே குறையும். இருக்கவேண்டிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுநிலையில் ஒட்டப்பட்டிருக்கும். ரயரின் பக்கச்சுவரிற் காண்பது உச்ச அளவேயன்றி உரிய அளவன்று.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லு நிமிர்ந்து நில்லாமல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கின்றது என்க. இனி, உள்ளங்கையை மேற்றட்டின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளாகவும், பின் உள்ளிருந்து வெளியாகவும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் அரம்போன்ற சுரசுரப்பும் தோன்றின், இரு முன்சில்லுகளும் தம்முள் நேர்நில்லாது ஒருங்கியோ விரிந்தோ நிற்கின்றன. இதனைத் தொழிலாளர் “ரோ” பிழை என்பர். கண்ணுக்குத் தெரியாத இப்பிழை செய்யும் சேதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரு சில்லுகளின் முற்புற இடைவெளிக்கும் பிற்புற இடைவெளிக்கும் உரிய அளவைவிட 3 மில்லிமீற்றர் வேறுபாடு உண்டெனக் கொள்வோம். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 2½ மீற்றர் பக்கவாட்டில் உரைந்து இழுபடும். 60 கிலோமீற்றர் போய்வந்தால் 150 மீற்றர். ஒருவர் தம் புதிய ரயரை 150 மீற்றர் தூரம் தரையில் குறுக்கே இழுத்துச் செல்லச் சம்மதிப்பாரா? நாள்தோறும் அதுவே நடைபெறுகின்றது. இந்நிலையில் 400 என்ன, 600 என்னும் எண் பொறித்த ரயரும் ஓராண்டு தாங்காது.

இப்பிழையைத் திருத்தும் கணினிப் பொறிகள் யாழ்ப்பாண நகரில் உள்ளன. நெடுந்தீவு அன்பருக்கோ வண்டியை அங்கே கொண்டுசெல்வது கடல்கடந்த காரியம். அவர் பொருட்டு எளிய வழியொன்று கூறுவேன். முன்சில்லை மட்டமான நிலத்தில் உயர்த்திச் சுழற்றி, மேற்றட்டின் நடுவே ஆணிமுனையாற் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு கீறுக. மற்றச் சில்லுக்கும் அவ்வாறே செய்க. வண்டியை இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, ஸ்ரியரிங்கை நேராக நிறுத்துக. அச்சின் உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுக. வண்டிக்குரிய கைந்நூலிற் சொல்லிய அளவினின்றும் அது விலகியிருந்தால் நோய் புலனாகும். திருத்துவது தேர்ந்த கையால் நடைபெறவேண்டும். கண்டறிவது யாவர்க்கும் இயலும்.

சில்லுகள் நேர்தவறுவதற்குக் குழிகளில் விழுவது ஒரு காரணம். உப்பு மற்றொன்று. தாம்போதியில் கடற்றிவலை பட்டுப் பட்டு, ஸ்ரியரிங் தண்டுகளின் மூட்டுகள் துருவேறித் தளர்கின்றன. தளர்ந்த மூட்டை மாற்றாமல் நேர்ப்படுத்தினால் அடுத்த வாரமே பழைய நிலை திரும்பும். இரும்புச் சில்லின் விளிம்பிற் துருப்பிடித்தால் ரயர் அங்கே இறுகப் பொருந்தாமல் காற்று மெல்லக் கசியும். ஆணி தேடி அலைவோர் இதனைக் கருதுவதில்லை. ரயரை மாற்றும்போது அவ்விளிம்பைச் சுரண்டித் துடைத்து வர்ணம் பூசுவித்தல் சிறுசெலவே. இனி, மேற்றட்டில் இடையிடையே கிண்ணம்போற் குழிவுகள் தோன்றின் அதிர்ச்சிதாங்கிகள் ஓய்ந்துவிட்டன, அல்லது சில்லின் பாரம் சமப்படவில்லை. ஓரிடம் மட்டும் தட்டையாயின் பிறேக் பூட்டிக்கொண்டு இழுத்திருக்கும்.

முன்சில்லுகளும் பின்சில்லுகளும் ஒரே அளவில் தேய்வதில்லையாதலின் 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இடம் மாற்றுக. இரண்டே புதிய ரயர் வாங்கினால் அவற்றை எங்கே பூட்டுவது? முன்னுக்கு என்பர் நம் ஓட்டுநர் அனைவரும். ரயர் நிறுவனத்தார் பின்னுக்கு என்பர், அதுவே சரி. ஈரவீதியில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைத் தணித்து ஓரளவு மீளலாம்; பின்பக்கம் வழுக்கினால் வண்டி தானே சுழன்று திரும்பிவிடும். தாம்போதியில் சுழல இடமேது?

வரிப்பள்ளங்களின் அடியிற் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். மேற்றட்டு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்தால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் ஆழமே. அதன் மேல் ஓட்டுதல் ஆகாது. மாரிக்கு முன் 3 மில்லிமீற்றராவது இருத்தல் வேண்டும். அளவுகோல் இல்லாதார் தீக்குச்சி ஒன்றைப் பள்ளத்துள் நட்டு நகத்தாற் குறித்து அளக்கலாம். ஓரிடத்தில் மட்டுமன்றி உள்ளோரம், நடு, வெளியோரம் என மூவிடத்திலும் அளக்கவேண்டும். வெளியே நின்று பார்ப்பவருக்கு உள்ளோரத்து மொட்டை தெரிவதில்லை.

மேலதிகச் சில்லை மறந்துவிடலாகாது. வண்டியில் உள்ள ரயர்களுள் மூத்தது பெரும்பாலும் அதுவே. நான்கும் மாறியிருக்கும், அது வண்டி வாங்கிய நாளில் இருந்தபடியே அடியிற் தொங்கிக்கொண்டிருக்கும், காற்றும் இன்றி. திருவிழாவுக்கு வண்டியை எடுக்குமுன் அதனை இறக்கி, நீள்வட்டத்து நான்கு இலக்கங்களையும் வாசித்து, காற்றை நிரப்பி, அதனைத் தாங்கும் சங்கிலியிற் துருவேறியுளதா என்பதையும் பார்த்துக்கொள்க.