சிரட்டைக் கரியில் மின்சாரத்தைச் சேமிக்கலாமா?

கண்டி ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இலங்கை மண்ணில் கிடைக்கும் காரீயத்தை இலிதியம் அயன் பற்றரிகளுக்கு ஏற்றதாக மாற்றும் ஆய்வு அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. வன்னியில் வளர்ந்து இப்போது கண்டியில் வாழும் எனக்கு, அந்த ஆய்வு வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல.

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். மின்சாரத்தைச் சேமிக்கும் பொருள் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போதே எங்களுக்குத் தெரியும்.

அந்த டோர்ச் பற்றரியை உடைத்தால் நடுவில் கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும். அது காபன், மின்னைக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. கைத்தொலைபேசிப் பற்றரியிலும் காபன் உண்டு. ஆனால் அங்கே அது ஒரு களஞ்சியம். மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன, பாவிக்கும்போது வெளியேறுகின்றன.

சிக்கல் இலிதியத்தில்தான். புவியோட்டில் அது மிகக் குறைவு. சில நாடுகளிலேயே பெருமளவில் எடுக்கப்படுகிறது. பொற்றாசியமோ அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். நாம் மிளகாய்க் கன்றுக்குப் போடும் அடுப்புச் சாம்பலிலும் அது இருக்கிறது. காரீயம் பொற்றாசியத்தையும் ஏற்று வெளிவிடும் என்று 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் பொற்றாசியம் அயன் பருமனில் பெரியது. இலிதியம் புகுந்தால் காரீயம் சுமார் 10 சதவீதம் வீங்கும். பொற்றாசியம் புகுந்தால் சுமார் 60 சதவீதம். திரும்பத் திரும்ப வீங்கிச் சுருங்கினால் மின்வாய் வெடித்து உதிரும்.

இங்கேதான் தாவரக் கரி உதவுகிறது. சிரட்டை, உமி, மூங்கில் போன்றவற்றைக் காற்றுப் படாமல் 1000 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கிடைக்கும் காபன், புதுக் கொப்பியின் தாள்கள்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது. கசக்கிக் குவித்த பத்திரிகைத் தாள்கள்போல இருக்கும். இடைவெளி அதிகம், நுண்துளைகளும் உண்டு. பெரிய அயன் நெருக்கடியின்றிப் போய்வரலாம்.

குறைகளும் உண்டு. முதல் மின்னேற்றத்தில் உள்ளே போகும் பொற்றாசியத்தில் ஒரு பங்கு திரும்பி வராது. கரியிலுள்ள சாம்பலைக் கழுவி நீக்க வேண்டும். அதே அளவு மின்சாரத்துக்குப் பற்றரி பாரமாகவும் இருக்கும். கைத்தொலைபேசிக்கு அது குறை. வீட்டு மூலையில் வைத்துச் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பாரம் ஒரு தடையல்ல. 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டுக்கு இது சிறிய விடயமா?

போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்தைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்து வந்திருக்கிறோம். சிரட்டைக் கரியும் கப்பலேறுகிறது. அதைப் பற்றரியாக்கும் அறிவு இங்கே வளராவிட்டால், நம் கரியையே நாளை விலைகொடுத்து வாங்குவோம்.

பேராதனைக்கு ஆண்டுதோறும் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து விஞ்ஞான மாணவர்கள் வருகிறார்கள். சிரட்டைக்குக் கேட்கப்பட்ட கேள்வியைப் பனங்கொட்டைக்கும் பனம்மட்டைக்கும் அவர்கள் கேட்க வேண்டும். பனையோடு வாழ்ந்தவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?