மௌனமான அலைவரிசை வெறுமையானதா?

வானொலி அலைகள் எந்த நாட்டின் எல்லையிலும் நின்று அனுமதி கேட்பதில்லை. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் எழும் அலை அக்கணமே பிரான்சிலும் ஜேர்மனியிலும் கேட்கும். கனடாவின் விண்ட்சரில் எழுவது ஆற்றைக் கடந்து அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரிலும் ஒலிக்கும். தரையைப் பங்கிட்டுக் கொண்ட அரசுகள் ஆகாயத்தைப் பங்கிட வழி தெரியாது திகைத்த கதையே வானொலிச் சட்டத்தின் கதை எனலாம். அக்கதையில் இப்பொழுது ஒரு புதிய சிக்கல் எழுந்துள்ளது. தாமே செவிமடுத்து, தாமே இடந்தேடி, தம் அலைவரிசையைத் தாமே மாற்றிக்கொள்ளும் கருவிகள் உலகெங்கும் பெருகிவிட்டன. எம்மவர் இல்லங்களில் ஊரோடு உரையாட உதவும் வைஃபை பெட்டிகளிற் பலவும் இவ்வகையைச் சேர்ந்தனவே. இவற்றை எந்தச் சட்டம் ஆள்கின்றது, தவறு நேரின் பொறுப்பாளி யார் என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

நாடுகள் இவ்விடயம் பற்றி முதன்முதலாகக் கூடியது 1903இல், பேர்லின் நகரில். மார்க்கோனியின் நிறுவனம் தன் கருவியைப் பொருத்தாத கப்பல்களுடன் பேச மறுத்துவந்தமையே அதற்கு முக்கிய காரணம். 1906இல் அதே நகரில் முதலாவது உடன்படிக்கை கைச்சாத்தானது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களில் இலண்டனில் கூடிய மாநாடு கடல் வானொலி விதிகளை மேலும் இறுக்கியது. ஆயினும் இன்றைய ஒழுங்குக்கு அடித்தளமிட்டது 1927இன் வாஷிங்டன் மாநாடேயாகும். இன்ன அதிர்வெண் கப்பலுக்கு, இன்னது ஒலிபரப்புக்கு எனச் சேவை வாரியாக அட்டவணை போடும் முறை அங்குதான் உருப்பெற்றது.

அந்த அட்டவணை இன்று 8.3 கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் 275 ஜிகாஹேர்ட்ஸ் வரை நீள்கின்றது. ஜெனீவாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனைப் பேணிவருகின்றது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை உலக வானொலித்தொடர்பு மாநாடு கூடி அதனைத் திருத்துகின்றது. அங்கு நிறைவேறுவன சர்வதேச உடன்படிக்கையின் வலுவுடையவை. எனினும் ஒன்றியத்திடம் காவற்படையும் இல்லை, தண்டம் அறவிடும் அதிகாரமும் இல்லை. ஒரு நாட்டின் கருவி இன்னொரு நாட்டின் சேவையைக் குழப்பினால் அதற்குப் பதில் கூறவேண்டியது அந்தக் கருவிக்கு இடமளித்த அரசே. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் வருவன யாவும் இதனையே சுற்றிவருகின்றன.

அட்டவணை முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. எழுதி வைக்கப்பட்ட இடமெல்லாம் எந்நேரமும் பயன்படுவதில்லை. ஒரு நகரில் ஒளிபரப்பாகாத தொலைக்காட்சி அலைவரிசை அங்கு வெறுமனே கிடக்கும். இரவில் அமைதியாகும் சேவைகளும் உள. ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 2002இல் நியமித்த ஆய்வுக்குழு, அலைக்கற்றைத் தட்டுப்பாடு என்று சொல்லப்படுவதிற் பெரும்பகுதி அதனை அடையும் வழியிலுள்ள தட்டுப்பாடே என்னும் பொருள்பட அறிக்கை தந்தது. ஊரிலே காணி தரிசாய்க் கிடக்க உறுதிக்காரர் வேறெங்கோ இருப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்காத விடயமன்று.

இதற்கு மாற்றாக எழுந்ததே சூழலறியும் வானொலி என்னும் எண்ணம். ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1999இல் ஜெரால்ட் மகுவயருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதனை விளக்கினார். மறு ஆண்டு ஸ்ரொக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதுபற்றியே தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தான் எங்கிருக்கிறது, சுற்றிலும் யார் பேசுகின்றனர், எவ்விதிகள் செல்லுபடியாகின்றன என்பவற்றை அறிந்து, அதற்கேற்பத் தன் அதிர்வெண்ணையும் வலுவையும் தானே மாற்றி, விளைவிலிருந்து கற்றுக்கொள்வதே அத்தகைய வானொலி. ஒன்றியமும் 2009இல் ஏறத்தாழ இதே பொருளில் வரைவிலக்கணம் வகுத்தது.

எம் வாசகர்களில் மூத்தோர் இதன் பழைய வடிவமொன்றை அறிவர். சிற்றலை வானொலியில் மார்ச் இறுதியிலும் ஒக்டோபர் இறுதியிலும் நிலையங்கள் அலைவரிசை மாறும்; அறிவிப்பாளர் புதிய மீற்றரைச் சொல்லுமுன் பென்சிலைத் தேடுவோம். வானத்தின் மேலடுக்குகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நேர்ந்த மாற்றம் அது. ஒலிபரப்பு நிலையங்கள் தமக்குள் கூடிப்பேசி நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒழுங்குசெய்துகொள்ளும் அந்த நடைமுறைக்கு 1997இன் மாநாடு முறையான விதியும் தந்தது. அரையாண்டுக்கொருமுறை மனிதர் பேசித் தீர்த்ததை நொடிக்கு நொடி இயந்திரம் தீர்த்துக்கொள்ளலாம் என்பதே புதிய கோரிக்கை.

இயந்திரத்தின் செவியை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாவுக்கான முதற் பெரும் பரீட்சை 2003இல் ஆரம்பித்தது. அவ்வாண்டு ஜெனீவா மாநாடு 5 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் 455 மெகாஹேர்ட்ஸ் பரப்பை வைஃபை போன்ற கருவிகளுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அப்பரப்பின் பெரும்பகுதியில் ஏற்கெனவே ராடர்கள் குடியிருந்தன. இராணுவ ராடர்களும் மழையை அளக்கும் காலநிலை ராடர்களும் அவற்றுள் அடங்கும். எனவே ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. கருவி பேசத் தொடங்குமுன் 60 செக்கன்கள் செவிமடுக்க வேண்டும். ராடரின் துடிப்புக் கேட்டால் அவ்விடத்தை நாடலாகாது. பேசிக்கொண்டிருக்கையிற் கேட்டால் 10 செக்கன்களுக்குள் விலகி, 30 நிமிடங்களுக்கு அங்கு திரும்பக் கூடாது. எழுத்தில் இது மிக நேர்த்தியான விதி.

காலநிலை ராடர்களோ இவ்விதிக்கு அடங்கவில்லை. அவை மெதுவாகச் சுழல்பவை. தரைக்கு அண்மையில் ஒருமுறை, சற்று மேலே ஒருமுறை என வானத்தைத் தட்டுத்தட்டாகத் துழாவுபவை; இடையில் தம்மை அளவுதிருத்தும் பொருட்டு ஒலியெழுப்பாது வெறுமனே கேட்டிருப்பவை. 60 செக்கன்கள் செவிமடுத்த வைஃபை கருவிக்கு அந்த ராடர் ஒருமுறையேனும் கேளாது போகலாம். ஐரோப்பாவில் ராடர் படங்களில், துளி மழையும் இல்லாத திசையில், மையத்திலிருந்து ஓரம்வரை சக்கரத்தின் ஆரம் போல ஒரு கோடு தோன்றத் தொடங்கியது. அக்கோட்டைத் தொடர்ந்து சென்றால் முடிவில் ஏதேனுமொரு கூரையில் வைஃபை கருவியொன்று இருக்கும். 5600 தொடக்கம் 5650 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் செவிமடுக்கும் நேரம் ஐரோப்பிய தரநிர்ணயத்தில் 10 நிமிடங்களாக உயர்த்தப்பட்டது. கனடா பல ஆண்டுகளாக அப்பகுதியில் இக்கருவிகளுக்கு இடமே கொடுக்கவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோவில் நிகழ்ந்தது இன்னும் பாரதூரமானது. சூறாவளிகளின் பாதையிலுள்ள அத்தீவில், சான் ஹுவான் விமான நிலையத்தை அண்டிய வானத்தில் திடீர்க் காற்றுவீழ்ச்சிகளைக் கண்டறிந்து விமானங்களை எச்சரிக்கும் ராடர் 2009இல் குழம்பியது. ஆராய்ந்தபோது இணையச் சேவை வழங்குவோர் உயரத்தில் நிறுவியிருந்த கம்பியில்லா இணைப்புகள் பிடிபட்டன. அவற்றிற் சிலவற்றில் செவிமடுக்கும் ஏற்பாடே நிறுத்தப்பட்டிருந்தது. சிலவற்றில் நாட்டுத் தெரிவு வேறொரு நாடாக மாற்றப்பட்டிருந்தது. தொடர்பாடல் ஆணைக்குழு தண்டங்களை விதித்ததுடன், பாவனையாளர் இவற்றை மாற்ற முடியாதவாறு கருவியைப் பூட்டும்படி உற்பத்தியாளரைப் பணித்தது. கருவிக்குச் செவியிருந்தும் அதன் உடைமையாளர் அச்செவியைப் பொத்திவிட்டார் என்பதே நடந்தது. எந்தப் பொறியியலாளரின் சூத்திரத்திலும் இது இடம்பெற்றிருக்கவில்லை.

இதனினும் ஆழமான சிக்கலொன்று உண்டு. அதுவே எமது தலைப்பின் வினா. ராடராவது ஏதோவொரு கணத்தில் ஒலியெழுப்புகின்றது. ஒலியே எழுப்பாது கேட்டுக்கொண்டு மட்டும் இருப்போரை எக்கருவி கண்டுபிடிக்கும்? தொலைக்காட்சிப் பெட்டி எதையும் அனுப்புவதில்லை, அது பெறுகின்றது. குன்றின் மறைவிலுள்ள சூழலறியும் வானொலிக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் கேளாது; எனவே அது அவ்வலைவரிசை வெறுமையானதெனக் கொண்டு பேசும். குன்றின் உச்சியிலுள்ள வீட்டிலோ படம் கலைந்துபோகும். வான்வெளியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அணுவின் 1420 மெகாஹேர்ட்ஸ் முனகலைக் கேட்கும் வானியல் தொலைநோக்கிகளும் அவ்வாறே. அதனாற்றான் அதனைச் சூழ்ந்த 1400 தொடக்கம் 1427 வரையான மெகாஹேர்ட்ஸ்களில் எவரும் ஒலியெழுப்பலாகாது என்று ஒழுங்குவிதி திட்டவட்டமாகத் தடுக்கின்றது. அங்கு செவிமடுத்துப் பார்க்கும் கருவிக்கு மௌனமே கேட்கும். ஆயினும் அந்த மௌனத்துக்கு உரித்தாளர் உளர்.

2012 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் முன் இவ்விடயம் ஒரு தனி நிகழ்ச்சிநிரலாக வைக்கப்பட்டது. சூழலறியும் வானொலிக்கென ஒழுங்குவிதிகளில் மாற்றம் வேண்டுமா என்பதே கேள்வி. நான்கு ஆண்டுகால ஆய்வுகளுக்குப் பின் கிடைத்த விடை: வேண்டியதில்லை. ஒரு பரிந்துரை மட்டும் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய வானொலி எதுவாயினும் இருக்கும் விதிகளுக்கு அமையவே இயங்க வேண்டும். கருவி புத்திசாலி என்பதனால் அயல்நாட்டுச் சேவைகளைக் காக்கும் கடமையிலிருந்து எந்த அரசும் விடுபடாது என்பதே அதன் சாரம்.

இது சோம்பலின் விளைவு எனக் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சூழலறிதல் என்பது ஒரு நுட்பமே. அது கப்பற் சேவையோ ஒலிபரப்போ போல ஒரு சேவையன்று. அட்டவணையில் அதற்கெனத் தனிக்கட்டம் போட்டிருந்தால், கேட்டுவிட்டுப் பேசினேன் என்ற ஒரே சாட்டினால் எவரும் எங்கும் நுழைய வழி பிறந்திருக்கும். அதேவேளை, அயலாரைக் காக்கும் கடமையை வலியுறுத்திய அம்மாநாடு அக்கடமை மீறப்பட்டதை வறிய நாடொன்று எவ்வாறு கண்டறியும் என்பதற்கு வழிகூறவில்லை. இடையூறு தரும் கருவியைத் தேடிச்செல்ல அளவீட்டு வாகனங்களும் தேர்ந்த ஊழியரும் வேண்டும். சான் ஹுவானில் அவை இருந்தன. எல்லாத் தீவுகளிலும் இருப்பதில்லை.

செவியை நம்பவியலாது என்பதைக் கண்ட அரசுகள் பின்னர் பதிவேட்டை நாடின. அமெரிக்க ஆணைக்குழு 2008 நவம்பரில் வெற்றுத் தொலைக்காட்சி அலைவரிசைகளைத் திறந்தபோது செவிமடுத்தலையும் கட்டாயமாக்கியது. 2010இல் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டு, கருவி தான் நிற்கும் இடத்தைச் சொல்லிக் கணனிப் பதிவேட்டில் அனுமதி கேட்டால் போதும் என்றது. பிரித்தானியாவும் 2015இல் இம்முறையையே பின்பற்றியது. எதிர்பார்த்த அளவுக்கு இக்கருவிகள் பரவவில்லையெனினும் முறை நிலைத்துவிட்டது. 3.5 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் அமெரிக்கக் கடற்படை ராடர்களுடன் கைப்பேசி வலையமைப்புகள் இடம்பகிர்வதும், 6 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் வலுமிக்க வைஃபை கருவிகள் இயங்க அனுமதிக்கப்பட்டதும் இத்தகைய பதிவேடுகளின் துணையினாலேயே. கடற்படை தன் கப்பல்கள் நிற்குமிடத்தைப் பதிவேட்டில் எழுதித்தர விரும்புமா? ஆகவே கரையோரம் நெடுகிலும் செவிமடுக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டன. பிறகு அந்த நிலையங்களின் செவி கெடாதிருக்க, அவற்றைச் சூழவுள்ள வலையமைப்புகளைத் தாழ்ந்த குரலிற் பேசவைக்கவும் நேர்ந்தது. கேட்போனைக் காக்க வேறு கேட்போன், அவனைக் காக்க இன்னொரு விதி.

பதிவேட்டுக்கும் ஓர் எல்லையுண்டு. அது நாட்டின் எல்லை. ஒரு நாட்டின் பதிவேடு அயல்நாட்டுத் தொலைக்காட்சிக் கோபுரங்களை அவ்விரு அரசுகளும் பேசி இணங்கிய அளவுக்கே அறியும். ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு நாடுகள் 2006இல் ஜெனீவாவில் செய்துகொண்ட டிஜிட்டல் ஒளிபரப்பு உடன்படிக்கை அத்தகைய இணக்கத்துக்கு ஓர் அடித்தளம். கருவியோ பயணப்பெட்டிக்குள் அடங்கி எல்லை தாண்டிவிடும்.

இடம்பெயர்ந்து வாழும் எம்மவருக்கு இவ்விடயம் நேரடியாகத் தட்டுப்படுவதும் இங்கேதான். ஒரு நாட்டில் வாங்கிய வைஃபை பெட்டியை, குடிபெயரும்போது தூக்கிச்செல்வதும் ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பிவைப்பதும் எம்மிடையே வழக்கம். 2.4 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் ஐரோப்பாவில் 13 அலைவரிசைகள் புழங்க, வட அமெரிக்காவில் விற்கப்படும் பெட்டிகள் பொதுவாக 11உடன் நின்றுவிடுகின்றன. 5 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியில் வேறுபாடு மேலும் அதிகம். வட அமெரிக்கச் சந்தைக்கான பெட்டிகள் பலவற்றில் நாட்டுத் தெரிவு பூட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பிறிதொரு நாட்டில் இயக்குவது அந்நாட்டுச் சட்டத்துக்கு முரணாகவும் கூடும். பூட்டப்படாத பெட்டியாயின், அமைப்புப் பக்கத்தில் நாட்டின் பெயரைத் தாம் வாழும் நாட்டுக்கு மாற்றிவிடுதல் வேண்டும். மாற்றியபின் 5 ஜிகாஹேர்ட்ஸ் இணைப்பு வரச் சில நிமிடங்கள் தாமதமானால் பெட்டி பழுதென்று எண்ணி அணைத்து ஏற்றத் தேவையில்லை. அது ராடர் ஏதும் கேட்கின்றதாவென்று செவிமடுத்துக்கொண்டிருக்கின்றது. இடையில் அணைத்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.